மேசைக் கம்ப்யூட்டருக்கு வயர், மற்றதற்கெல்லாம் வைஃபை

கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் ஃபைபர் பெட்டி. மாடி அறையில் டெஸ்க்டாப். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்பு பீரோ. நம்மூரில் தனி வீடு என்றால் பெரும்பாலும் இந்த அமைப்புதான். இணைப்பு கொடுக்க வருகிறவர் ஃபைபர் நுழைகிற முதல் சுவரிலேயே பெட்டியை மாட்டி, பக்கத்தில் நின்று போனில் வேகத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். மாடியில் சிக்னல் எட்டவில்லை என்பது அவர் போன பிறகுதான் தெரியும். உடனே டெஸ்க்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர், மாடிப்படியில் ஒரு ரிப்பீட்டர் என்று வாங்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். அந்தக் காசுக்கு இருபது மீட்டர் நல்ல கேபிள் வாங்கி மாடிக்கு இழுங்கள். மேல்முனையில் ஒரு ரௌட்டரை மாட்டினால் டெஸ்க்டாப்பும் சரியாகும், மாடி வைஃபையும் சரியாகும். ஒரே கேபிள், இரண்டு வேலை.

ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். வைஃபையில் ஒரு சேனலில் (ஓர் அலைவரிசையில்) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் வைஃபையில் இருந்துகொண்டு பெரிய ஃபைல் ஒன்றை இறக்கும்போது, அதே காற்றில் வீடியோ கால் பேசும் போன் திக்கும். டெஸ்க்டாப்பை வயருக்கு மாற்றினால் அந்தக் காற்று போனுக்குக் கிடைக்கும். ரிப்பீட்டர் இதற்கு நேர் எதிர். வந்த தகவலையே அதே ரேடியோவில் மறுபடி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. அதோடு, சிக்னல் ஏற்கெனவே தேய்ந்துபோன இடத்தில்தான் அதை மாட்டுகிறோம். தேய்ந்ததை எடுத்துத் தேய்ந்ததாகவே தருகிறது.

ஆகவே வீட்டில் நகராமல் இருக்கும் எதையும் வயரில் போடுங்கள்: டெஸ்க்டாப், டிவி, பிரின்டர். நடமாடுகிறவற்றுக்குக் காற்றை விட்டுவிடுங்கள்.

எதையும் வாங்கும் முன் ஃபைபர் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சைத் தலையோடு மெல்லிய கேபிள் ஒன்று நுழையும், அதுதான் ஃபைபர். அதைக் கழற்றாதீர்கள், இறுக்கி மடக்காதீர்கள். உள்ளே கண்ணாடி இழை. மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி கசியும். ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு பெட்டியின் முன்னால் சிவப்பாக எரியும். ஃபைபர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் கேபிளைச் செருகும் லேன் துளைகள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100 எம்பிபிஎஸ். ஜிஇ என்று அச்சிட்டிருந்தால் கிகாபிட், எஃப்இ என்றால் 100. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு எஃப்இ துளையில் செருகினால், கம்ப்யூட்டரில் 94-ஐத் தாண்டாது. வேக சோதனையில் 94, 95 என்று வந்து அங்கேயே நின்றால், காரணம் கம்பெனி இல்லை. வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் துளை இருக்கிறது அல்லது ஒரு கம்பி அறுந்திருக்கிறது.

மாடிக்கு வாங்கும் ரௌட்டரிலும் இதே கதை. பெட்டியில் பெரிதாக 1200 என்று போட்டிருக்கும். அது வைஃபையின் இரண்டு அலைப்பட்டைகளின் வேகம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். அதே ரௌட்டரின் பின்னால் இருக்கும் துளைகள் 100 எம்பிபிஎஸ் ஆக இருக்கலாம். அப்படியிருந்தால் காற்றில் 867 இருந்து என்ன பயன்? உள்ளே வருவதே 94. விலை கொஞ்சம் கூடினாலும் எல்லாத் துளைகளும் கிகாபிட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

அடுத்து கேபிள். கேட்5ஈ என்ற வகைக் கேபிளிலேயே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் போகும். வீட்டுக்கு அது தாராளம். அதற்கு அடுத்த வகையான கேட்6-க்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் புதிதாக இழுக்கும்போது கேட்6 போடலாம். ஆனால் அது தடிமன், விறைப்பு. குறுகலான பைப்பில் திரும்பாது. பைப் குறுகலாக இருந்தால் கேட்5ஈ போதும், வருத்தப்பட வேண்டாம். கேட்டு வாங்க வேண்டியது வேறொன்று: முழுச் செம்பு. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கம்பி ஒன்றை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அது நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கினாலே ஒடியும். சுவருக்குள் போன பிறகு, முனையில் மாட்டும் ஜாக்கின் கழுத்தில் ஒடிந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எந்த வழியாக மாடிக்குக் கொண்டுபோவது? சுவரை உடைக்கும் முன், வீட்டில் பழைய டெலிபோன் பைப்போ கேபிள் டிவி பைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் ஹாலில் இருந்து மாடி அறைக்கும் மொட்டை மாடிக்கும் இப்படி ஒரு பைப் போயிருக்கும். இப்போது உள்ளே ஒன்றும் ஓடாது. பழைய வயரின் நுனியில் புதிய கேபிளைக் கட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் கீழிருந்து ஊட்டினால் வந்துவிடும். பழைய வயரும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் ஸ்பிரிங் விட்டு இழுத்துத் தருவார். கரண்ட் வயர் ஓடும் பைப்பில் மட்டும் விடாதீர்கள். 230 வோல்ட் வயரோடு உரசி இன்சுலேஷன் கிழிந்தால், கையில் தொடும் ரௌட்டர்வரை கரண்ட் வரும்.

பைப்பே இல்லையா? வெளிச்சுவர் வழியாகப் போகலாம். வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்ட வெளிப்புறக் கேபிளாக இருக்க வேண்டும். சாதாரணச் சாம்பல் உறை சில வருடத்தில் வெடித்து மழைநீரை உள்ளே விடும். சுவரில் போடும் ஓட்டை, உள்ளேயிருந்து வெளியே சரிவாக இருக்கட்டும். கேபிள் ஓட்டைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராது.

இரு முனையிலும் ஒரு சாண் நீளம் கூடுதலாக விட்டு நறுக்குங்கள். முதல் முயற்சியில் ஜாக் சரியாக அமையாவிட்டால் வெட்டிவிட்டு மறுபடி போட அந்த நீளம்தான் கைகொடுக்கும்.

ஜாக் அடிப்பதை நிதானமாகச் செய்ய வேண்டும். வெளியுறையை மூன்று சென்டிமீட்டர் உரித்தால் நாலு ஜோடி முறுக்குக் கம்பிகள் தெரியும். கேட்6 ஆக இருந்தால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு இருக்கும். அதை உறையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இதற்கு டி568பி என்று பெயர். இரண்டு முனையிலும் இதே வரிசை. பிறகு எட்டையும் சேர்த்துப் பிடித்து, உறையில் இருந்து 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக நறுக்குங்கள். ஜாக்கின் கொக்கி கீழ்ப்பக்கமும் பொன்னிறப் பற்கள் மேல்பக்கமும் இருக்கும்படி பிடித்து, வெள்ளை ஆரஞ்சு இடது ஓரமாக வரும்படி உள்ளே தள்ளுங்கள். ஜாக்கின் முன்முகத்தைக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்தால் எட்டுச் செம்புப் புள்ளிகளும் மின்ன வேண்டும். ஒன்று உள்ளடங்கித் தெரிந்தாலும் வெளியே எடுத்து மறுபடி நறுக்குங்கள். வெளியுறையும் ஜாக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும்; பின்பக்கப் பிளாஸ்டிக் பிடி உறையைக் கவ்வ வேண்டும், கம்பிகளை அல்ல. அப்போதுதான், கம்பிகளை ஜாக்கோடு பிணைக்கும் கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும்.

இதில் ஒரு பிழை மிகவும் நயவஞ்சகமானது. வரிசை தெரியாதவர்கள் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கி, இரண்டு பக்கமும் அப்படியே அடித்துவிடுவார்கள். சாதாரண கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரியும். ஆனால் நெட் திணறும். காரணம், 3-ம் 6-ம் இடத்தில் வருபவை ஒரே ஜோடியின் முறுக்குக் கம்பிகளாக இருக்க வேண்டும். முறுக்குதான் பக்கத்து ஜோடியின் இரைச்சலை ரத்து செய்கிறது. தனித்தனி ஜோடியில் இருந்து எடுத்த கம்பிகள் அந்த இடத்தில் வந்தால் இரைச்சல் கலக்கும். இரண்டு மீட்டரில் வேலை செய்யும், இருபது மீட்டரில் செய்யாது. டெஸ்டர் பச்சை காட்டிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

சுவருக்குள் ஓடும் கேபிளின் உள்ளே ஒற்றைத் தடிக்கம்பி. அடிக்கடி அசைத்தால் ஒடியும். எனவே அதைச் சுவர்ப் பெட்டியில் ஜாக் செருகும் துளை உள்ள ஒரு முகப்பில் முடித்துவிட்டு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேட்ச் கார்டு (வளைந்துகொடுக்கும் குட்டிக் கேபிள்) போடுவதே முறை. கேபிளைச் செருகியதும் விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க், ஈதர்நெட் என்று போய் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000/1000 என்று இருந்தால் வேலை முடிந்தது. துளைகள் கிகாபிட்டாக இருந்தும் 100/100 என்றால் ஏதோ ஒரு ஜோடி பிடிக்கவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலமோ பழுப்போ விட்டுப்போயிருந்தால் நெட் வரும், ஆனால் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வரும்.

இனி மாடி ரௌட்டர். மேலே வந்த கேபிளை அதில் செருகி, அதன் இன்னொரு லேன் துளையில் இருந்து டெஸ்க்டாப்புக்கு எடுங்கள். ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்விட்ச் பெட்டி தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ரௌட்டரை ரௌட்டராக ஓடவிடக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கீழே இருக்கும் நெட்வொர்க்கையே மாடிக்கு நீட்டித்துத் தரும் கருவியாக மாற்ற வேண்டும். மாற்றாமல் அதன் வேன் துளையில் (வெளி நெட்டுக்கான துளை) செருகினாலும் நெட் வரும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். உதாரணத்துக்கு, கீழே இருப்பவர்களுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மேலே இருப்பவர்களுக்கு 192.168.0. கீழே ஹாலில் இருக்கும் போனுக்கு மாடி டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டர் தெரியாது, பிரின்டர் தெரியாது. ஆன்லைன் கேம்களும் தகராறு செய்யும்.

செய்முறை இது. மாடி ரௌட்டரை ஃபைபர் பெட்டியோடு இணைக்காமல், டெஸ்க்டாப்போடு மட்டும் லேன் துளையில் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறங்கள். புதிய ரௌட்டர்களில் ஆபரேஷன் மோட் என்ற பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்று இருக்கும். அதைத் தேர்ந்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய ரௌட்டரில் அது இருக்காது, கையால் மாற்ற வேண்டும். வரிசை முக்கியம். முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு. அடுத்து லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஃபைபர் பெட்டி 192.168.1.1-ல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்). ரௌட்டர் மறுபடி எழுந்ததும் புதிய முகவரியில் நுழைந்து, கடைசியாக, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி-யை அணையுங்கள். முதலிலேயே அதை அணைத்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் நீங்களே வெளியே நிற்பீர்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கீழிருந்து வரும் கேபிளை வேன் துளையில் அல்ல, லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வேன் துளை காலியாகவே கிடக்கட்டும். ஃபைபர் பெட்டியின் டிஎச்சிபி பட்டியல் 2-ல் தொடங்கினால் அதை 10-ல் தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 192.168.1.2-ஐ ஏதாவது ஒரு போனுக்கும் கொடுத்துவிடும்.

டிஎச்சிபி-யை அணைக்க மறந்தால் வரும் கோளாறு ஆளைக் குழப்பும். காலையில் நெட் இருக்கும், மாலையில் அதே போனில் வைஃபை முழுக்கோடு காட்டியும் நெட் வராது. யார் முந்திக்கொண்டு முகவரி கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். டீஃபால்ட் கேட்வே, அதாவது நெட்டுக்குப் போகும் வாசல், 192.168.1.1 என்று இருக்க வேண்டும். 192.168.1.2 என்று இருந்தால் மாடி ரௌட்டர் இன்னும் முகவரி விநியோகம் செய்துகொண்டிருக்கிறது. 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, கேபிளைப் பாருங்கள். இன்னொன்று: மீதமிருக்கும் கேபிளின் இரண்டு முனைகளையும் தவறிப்போய் ஒரே ரௌட்டரில் செருகிவிட்டால், தகவல் வட்டமடித்து மொத்த வீட்டு நெட்டும் படுத்துவிடும். எல்லாத் துளை விளக்குகளும் ஒன்றாகப் படபடவென்று மின்னினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு இடத்திலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். போன் படியேறும்போது தானே மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1, மேலே 11 என்று வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 வைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பது தப்பு. தெருவில் எல்லார் வீட்டு வைஃபையோடும் மோதும். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149, அகலம் 80. நடுவில் உள்ள 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. ரௌட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும். சில பழைய டிவிகள் அந்தச் சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. வீட்டுக்கு 36-ம் 149-ம் நிம்மதி.

பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், முடிந்தால் டபிள்யூபிஏ3. பழைய டிகேஐபி-யைத் தேர்ந்தால் பாதுகாப்பு மட்டும் போகாது, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்-ஐ அணையுங்கள். ரௌட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

மாடி ரௌட்டரைப் பீரோமேலோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். இரும்பும் தண்ணீரும் சிக்னலுக்கு எதிரி. ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தளத்தின் கம்பிவலையைத் துளைத்து வருவதைவிட மாடிப்படித் திறப்பு வழியாகச் சிக்னல் சுலபமாக இறங்கும். படி முடியும் இடத்தில், தலை உயரத்துக்கு மேல் மாட்டினால் இரண்டு தளத்துக்கும் நடுவில் இருக்கும் இருட்டு இடங்கள் குறையும். போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு அறை அறையாக நடந்து பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம் கணக்கில் காட்டும்: மைனஸ் 50 டிபிஎம் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் நிற்கும், மைனஸ் 75-க்குக் கீழே போனால் இழுக்கும்.

டெஸ்க்டாப்பில் இரண்டு சின்ன விஷயம். நெட்வொர்க் வகையை பிரைவேட் என்று மாற்றுங்கள். பப்ளிக்கில் இருந்தால் ஃபோல்டர் ஷேரிங்கை விண்டோஸே தடுக்கும். அப்படியும் போனில் பிரின்டர் தெரியவில்லை என்றால், போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுப்பது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஃபைபர் பெட்டியில் டெஸ்க்டாப்புக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால், அடிக்கடி முகவரி மாறி ஷேர் உடைவது நிற்கும்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று கம்பெனிக்கு போன் செய்யும் முன், வயரில் இருக்கும் டெஸ்க்டாப்பில் இருந்து 192.168.1.1-க்கு பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். 1 மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் வீட்டுக்குள் பழுதில்லை, பழுது வெளியே. வயரில் சீராகவும் வைஃபையில் தாறுமாறாகவும் வந்தால் கோளாறு காற்றில். வீட்டில் ஒரு கம்ப்யூட்டராவது வயரில் இருப்பதன் அருமை இந்த இடத்தில் தெரியும். எதிலிருந்து எதை ஒப்பிடுவது என்பதற்கு நம்பகமான ஓர் அளவுகோல் அது.

கரண்ட் போனால்? கீழே ஃபைபர் பெட்டி, மேலே ரௌட்டர், இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பேக்கப் போட்டுவிட்டு மாடியில் நெட் இல்லையே என்று தேடாதீர்கள். 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டு வாங்கலாம். அதில் 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் செல் கணக்கு. அதாவது 32 வாட் மணி சொச்சம். பத்து வாட் இழுக்கும் பெட்டிக்கு, மாற்றத்தில் போகும் நட்டத்தைக் கழித்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அடாப்டரின் வோல்ட்டும் பின் அளவும் முனையின் திசையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் செருக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வோல்ட் மாறக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது. கரண்ட் வயர் வழியாகவோ, மொட்டை மாடி கேமராவுக்கு இழுத்த செம்புக் கேபிள் வழியாகவோதான் வரும். பக்கத்தில் விழும் இடியே அதில் துளைகளைக் கருக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். இடி நெருங்கும் முன்பே அந்தக் கேபிளையும் அடாப்டர்களையும் கழற்றி வையுங்கள். பக்கத்துக் கட்டடத்துக்கு நெட் கொண்டுபோவதானால் செம்பு வேண்டாம், ஃபைபரே போடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு சீட்டு எழுதி மாடி ரௌட்டரின் அடியில் ஒட்டுங்கள்: அதன் முகவரி 192.168.1.2, ஆக்சஸ் பாயின்ட், டிஎச்சிபி அணைப்பு, வேன் துளையில் செருகக் கூடாது, சேனல் 11, 149. ரீசெட் பட்டனை யாராவது அழுத்திவிட்டால் அது மறுபடி ரௌட்டராக மாறி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் யார் இருந்தாலும் அந்தச் சீட்டைப் பார்த்துத் திரும்ப அமைத்துவிடலாம்.